கிணறு வெட்டிய அமாவாசை

கீழப்பழுவூர்ப் பண்ணையார் கொளஞ்சியப்பனுக்கு 1948-இல் தம் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசை வந்தது. ஆசை அவருக்கு, கைவலி எனக்கு. அரியலூர் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டுத்தொழுவத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மனுஷன் வாயைத் திறந்தால் வெட்டினேன், கட்டினேன், நட்டேன். மண்வெட்டியைத் தொட்டறியாத கை! 'வெட்டுவித்தேன்' என்று எழுதட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எனக்கே இலக்கணமா என்று முறைத்தார்.

கிணற்றுக் கதை வந்தபோது என் பேனா நின்றது. பத்து வருஷத்துக்கு முன் அந்தக் கிணற்றில் சுண்ணாம்புப் பாறைக்கு வெடி வைத்தபோது செத்தவர் என் அப்பா அமாவாசை. பண்ணையார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு சேதாரமும் இல்லாமல் தண்ணீர் வந்தது என்று எழுதச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கப்பா பேரு ஒரு வரி வரட்டுங்க ஐயா. நான் எழுத வந்ததே அதுக்குத்தான்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, போட்டுக்க" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'இந்தக் கிணற்றில் அமாவாசை உயிர் விட்டான்' என்று எழுதினேன். பெற்ற அப்பனை 'விட்டார்' என்று எழுத, பண்ணையார் முன்னால் எனக்குக் கை வரவில்லை. தூ, நானும் ஒரு பிள்ளை.

அம்மா வீராயியிடம் சொன்னேன். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்துத் திருச்சியில் அச்சாகிப் புத்தகம் வந்தது. புரட்டினேன். 'அமாவாசையன்று, உயிர்ச்சேதம் ஏதுமின்றி, கிணறு வெட்டி முடித்தேன்.' அச்சாபீஸ் பிழையோ என்று பண்ணையாரிடம் ஓடினேன்.

"நான்தான் திருத்துனேன். பேரு இருக்குல்ல? அப்புறம் என்னடா?" என்றார்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தாள். எழுத்து தெரியாதவள். அவள் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின்மேல் வைத்தேன். பாவி மகள், தடவித் தடவிப் பார்த்தாள்.

"அப்புறம் என்னடா போட்டிருக்கு?"

"அமாவாசை கிணறு வெட்டினார்னு போட்டிருக்கும்மா."

கையால் எழுத வராத 'ஆர்' இப்போது வாயில் வந்தது. வந்து என்ன, புத்தகத்தில் இல்லையே.