ஒரு வரி நன்றி

என் கணவர் ஜஹாங்கீர் கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் தட்டி, உள்ளே சிக்கியிருந்த முறுக்குத் தூளை மேசையில் கொட்டிக்கொண்டிருந்தார். "இதுல ஒரு குடும்பமே துன்னலாம் போல கீது, ஷரீஃபா," என்றார். மதிய லுஹர் தொழுகை முடிந்து, எங்கள் பிரவுசிங் சென்டருக்கு ஆள் வராத நேரம். நான் டீ போட உள்ளே போனேன். 2004, ஜூலை மாதம்.

இரண்டு மாதம் முன்பு அவருடைய தோஸ்து தவசிமுத்து ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். கல்மண்டபத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர். "புது சரக்கு மாமு, எங்கியும் கெடைக்காது. வச்சிக்க." எங்கள் கணினிகளில் ஓடியது லினக்ஸ் இயங்குதளம். செருகியதும் கணினி உறைந்து நின்றது. ஜஹாங்கீர் பத்து நாள் அதனோடு மல்லுக்கட்டினார். தகவல் வைக்க உன்னிடம் எத்தனை அறை என்று கணினி கேட்டால், அந்தச் சாதனம் ஓர் அறையைக் கூட்டிச் சொன்னது. இல்லாத கடைசி அறையைத் தேடிப் போய்க் கணினி திரும்பவில்லை. இப்படித் தப்பாகச் சொல்லும் சாதனங்களுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இதன் எண்ணைச் சேர்த்து, ஒன்றைக் கழித்துக்கொள் என்று குறித்தால் போதும். அந்தப் பட்டியலை உலகத்தில் யாரும் படிக்கலாம். யார் உதவினார்கள் என்று மேலே ஒரு குறிப்பு எழுதுவது அதைப் பராமரிப்பவர்களின் வழக்கம்.

ஆங்கிலத்தில் எழுதுவது எப்போதும் என் வேலை. பொருளைக் கொடுத்தவரை விட்டுவிடுவது மரியாதை இல்லை என்று நினைத்து, ஜஹாங்கீரைக் கேட்காமலே, தவசிமுத்துவுக்கு நன்றி என்று கடைத் தெருவின் பெயரோடு எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் கன்டெய்னரை உடைத்து எடுத்த சரக்கு அது. எங்களுக்குத் தெரியாது. இந்தியாவில் இன்னும் விற்பனைக்கே வராத மாடல். சரக்குக்குச் சொந்தக்காரர்கள் அதன் எண்ணை இணையத்தில் தேடியபோது என் குறிப்புதான் கிடைத்தது. போலீஸ் கல்மண்டபத்துக்குப் போனது. கடையில் தவசிமுத்து இல்லை. அவர் தம்பி இக்னேஷியஸ் இருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் டீயோடு வெளியே வந்தபோது தவசிமுத்து நின்றிருந்தார். கூட கமால் என்பவனும் இன்னொருவனும். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள்.

"எம் பேரு கம்ப்யூட்டர்ல கீதாமே, பாய்?"

எப்போதும் மாமு என்பவர்.

"ஒலகம் பூரா கீது மாமு," என்று ஜஹாங்கீர் சிரித்தார். "குந்து. டீ வந்துகினு கீது."

"தம்பியத் தலைகீழா கட்டி அடிச்சானுங்க. மூணு நாளா ரத்தமா மூத்திரம் போவுது. நீ டீ குடிக்கச் சொல்ற. யாரு எய்தினது?"

ஜஹாங்கீர் என்னை ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

"எதுக்குடா போட்டுக் குடுத்த?"

"போட்டுக் குடுக்கல மாமு. நன்றின்னு…"

தவசிமுத்துவின் கையிலிருந்த இரும்புக் கம்பி அவர் வாயில் விழுந்தது. எழ முயன்றவரின் தோளில் கமால் மூட்டை தூக்கும் கொக்கியைப் போட்டு இழுத்தான். நாற்காலியோடு சாய்ந்தார். தவசிமுத்து மானிட்டரைத் தூக்கி அவர் மார்பில் போட்டார். கண்ணாடி உடைந்தது. எலும்பு உடைந்தது தனியாகக் கேட்டது.

நான் கிளாஸ்களைப் போட்டுவிட்டு நடுவில் விழுந்தேன். "நான்தான் எழுதினேன். என்னை வெட்டுங்க." மூன்றாமவனின் கத்தி என் வலது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. மறுபடியும் அதையே சொன்னேன்.

"புருசன காப்பாத்தப் பாக்குதுண்ணே," என்றான் கமால். "இதுக்கு கம்ப்யூட்டர்ல இன்னா தெரியும்?"

தவசிமுத்து கம்பியைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, "மாமு, இது எய்திச்சா? சொல்லிடு. உன்ன வுட்டுர்றேன்," என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

ஜஹாங்கீர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். "அதுக்கு இங்கிலீசே வராது மாமு."

கொக்கி கழுத்தில் இறங்கியது. தவசிமுத்து கம்பியால் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். கமால்தான் கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், என் மடியில் ஜஹாங்கீரின் உயிர் போனது. அதே வாரம் இக்னேஷியஸும் இறந்தான்.

வாக்குமூலம் எடுக்க வந்த அதிகாரியிடம், குறிப்பை எழுதியவள் நான் என்றேன். "அத எழுதினா கேசு கொழம்பிடும்மா," என்று பேனாவை மூடினார். நீதிமன்றத்திலும் சொன்னேன். சாட்சி துக்கத்தில் பேசுகிறார் என்று எங்கள் வக்கீலே எழுந்து சொன்னார். கூண்டில் நின்ற தவசிமுத்து தரையைப் பார்த்தபடி இருந்தார். ஆயுள் தண்டனை.

தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. திருத்தக் கேட்டு இரண்டு முறை மனுப் போட்டேன். நான்காம் பக்கம், மூன்றாம் பத்தியில், 'இறந்தவர் எழுதிய குறிப்பு' என்றே இருக்கிறது.