மூன்று தரம் தட்டுவான்

எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் பெருக்கல். ஒன்றைப் பார்த்தால் பத்தைப் பார்த்ததாகச் சொல்வேன் என்று என் தங்கை மகள் வாய்ப்பாடு படிக்கிற வயதில் வைத்த பெயர். மறுக்க மாட்டேன். இதுவரை நான் அவிழ்த்துவிட்ட பொய்களைச் செங்கல்லாக அடுக்கினால் பன்னிரண்டு மாடி எழுப்பலாம். அதற்கு லிஃப்டும் நானே போட்டுவிடுவேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன்.

அந்த முப்பத்தொரு வருடமும் எனக்கு ஜோடி என் தங்கை புருஷன்தான். நான் உச்சியில், மெஷின் ரூமில். அவன் அடியில், லிஃப்ட் வந்து இறங்குகிற குழியில். எனக்குக் காற்று, அவனுக்கு எண்ணெய். செல்போன் இல்லாத காலம் என்பதால் எங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தோம், வீட்டில் எல்லோருக்கும் அது அத்துப்படி. லிஃப்ட் பிடித்து ஓடும் இரும்பு ரெயில் குழியிலிருந்து உச்சிவரை நெட்டுக்குத்தாகப் போகும். அதில் ஸ்பேனரால் இரண்டு தரம் தட்டினான் என்றால், ‘உள்ளே இருக்கிறேன், ஓட்டாதே’ என்று அர்த்தம். நான் மேலிருந்து ஒரு தரம் தட்டி, ‘சரி’ என்பேன். மூன்று தரம் தட்டினால், ‘பத்திரமாக வெளியே வந்துவிட்டேன், ஓட்டு.’ இந்தக் கணக்கில் மட்டும் நான் பெருக்கியதே இல்லை. பெருக்கியிருந்தால் மாப்பிள்ளை என்றைக்கோ தகடாகியிருப்பான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் செத்துப்போனான். லிஃப்டால் அல்ல, நுரையீரலால்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவனுக்கு ஆளுக்கொரு விலாசம் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி வாத்தியார், ஒளியோடு கலந்துவிட்டான் என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, மறுபடி பிறந்து இந்நேரம் ஏதோ தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டிருப்பான் என்றாள். ஆவிகளோடு பேசுகிறவர் என்று யாரோ ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணை மூடி, “வெள்ளை உடுப்புல சிரிச்சுக்கிட்டு நிக்கிறார்” என்றார்.

“வெள்ளையா?” என்றாள் என் தங்கை. “யாரு தோய்க்கிறது?”

அந்த வாரம் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டு கட்டடத்துக்குப் போகச் சொன்னாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன், செத்த மறுவாரம் மூன்று உலகத்தில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எரிந்துபோன மோட்டார் எங்கே போய்ச் சுற்றும்? ஆனால் அவள் அழவில்லை, சாப்பிடவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஆஸ்பத்திரியில மாப்ள எங்கிட்ட ஒண்ணு சொன்னான்மா. ‘மச்சான், அந்தப் பக்கம் நெசமாவே ஏதாச்சும் இருந்துச்சுன்னா, மூணு தரம் தட்டுறேன்’னான்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“எங்க தட்டுவாரு?”

“வேற எங்க, நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்ட இந்த லிஃப்ட்லதான்.”

மறுநாளே தன் வீட்டு வாசலில், இரண்டாம் மாடி லிஃப்ட் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கதவு நிலையில் காதை வைத்தபடி. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அவர் தட்டினால் பதிலுக்குத் தட்ட வேண்டுமே. யாராவது லிஃப்டில் ஏறினால், “சத்தம் போடாதீங்க!” என்று அதட்டல். மொத்தக் கட்டடமும் படியேறியது. ஐந்தாம் மாடி குண்டர் இளைத்து இளைத்து, அவர் பெண்டாட்டியே அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டாள்.

நான்காவது வாரம் தங்கை மகள் போன் செய்தாள். “மாமா, உடனே வாங்க. அம்மா மாத்திரை சாப்பிட்டு ஒன்பது நாளாச்சு.”

இதயத்துக்கான மாத்திரை. விட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் தலையணையாக வீங்கியிருந்தன. இதில் பெருக்கல் இல்லை.

“ஏம்மா மாத்திரை போடல?”

“எதுக்கு? தட்டினதும் கிளம்ப வேண்டியதுதானே. பத்திரமா வந்து சேர்ந்துட்டேன், நீ வான்னுதானே அர்த்தம்?”

அவள் ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். “அவன் அப்படிச் சொல்லவே இல்லம்மா. நான்தான் சும்மா அளந்தேன்.”

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “அண்ணே, அறுபது வருஷமா உன்னைப் பார்க்குறேன். நீ எப்ப பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? இப்பத்தான் சொல்ற.”

எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக ஓர் உண்மையை எடுத்து நீட்டினேன். செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“நீங்களே போய் மூணு தரம் தட்டிடுங்க மாமா” என்றாள் தங்கை மகள், சமையலறையில் அழுதபடி. “கேட்டுட்டு உள்ள வந்துடும்.”

மூன்று தட்டினால் கிளம்பிவிடுவாள். தட்டாவிட்டால் இந்த ஸ்டூலிலேயே வற்றிப்போவாள். ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடியும்போது தோன்றியது: இரண்டு. இரண்டு தட்டினால் என்ன அர்த்தம்? ‘ஓட்டாதே, நில்.’ புருஷனே அவளை நிறுத்திவைத்தான் என்று இருக்கட்டும்.

காலை பத்து மணிக்கு லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு அனுப்பினேன். யாரும் அதைத் தொடாமல் தங்கை மகள் மேலே காவல். ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுக்க ‘மறந்துபோன’ முக்கோணச் சாவியால் தரைத்தளக் கதவைத் திறந்தேன். யாரும் தவறி விழாதபடி வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்தேன். ஸ்டாப் சுவிட்சை அமுக்கிவிட்டு, இரும்புப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். முட்டி இரண்டும் போட்ட சத்தத்துக்கு அவளே எழுந்து வந்துவிடுவாளோ என்று பயம்.

முப்பத்தொரு வருட வேலையிலும் இறங்காத குழியில் நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. எண்ணெய், தூசி, ஹேர்பின், ஒற்றைக் குழந்தைச் செருப்பு. மூலையில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா, அதன்மேல் மடித்த சாக்கு. மாப்பிள்ளையின் நாற்காலி. சாக்கின் நடுவில் அவன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் உட்கார்ந்தேன். எப்போதும் மேலே இருந்தவன் நான், கீழே இருந்தவன் அவன். இப்போது அவன்தான் மேலே இருக்கிறான் என்று ஊரே சொல்கிறது.

ஸ்பேனரை எடுத்தேன். டங். டங்.

சத்தம் ரெயிலைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஏறிப்போனது.

மேலிருந்து ஒரு தட்டு வந்தது.

என் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பொய்யைச் சொன்னவன் நான். இந்தத் தட்டைத் தட்டியவனும் நான். எல்லாம் மறந்துபோயிற்று. எண்ணெயில் முட்டி போட்டு ரெயிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“மாப்ளே! மாப்ளே, நான்தான்டா! இருக்கியாடா? இன்னொரு தரம் தட்டுடா மாப்ளே!”

ஒன்றும் இல்லை. பிறகு இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல்.

“அண்ணே?”

படியில் காலடிச் சத்தம். ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு. வாரக்கணக்காக ஸ்டூலை விட்டு நகராதவள். கடைசியில் பலகைக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. கையில் டம்ளர்.

“நான்தான் தட்டுனேன்” என்றாள்.

“தெரியும்மா.”

“தெரியாது. கத்துனியே.”

பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். எண்ணெய் பூசிய சட்டையையும், ரெயிலை இன்னும் விடாத என் கையையும்.

“அப்ப நீயும் காத்துக்கிட்டுத்தான் இருந்தியா?”

தலையாட்டினேன்.

“உனக்கும் ஒண்ணும் வரலையா?”

“வரலம்மா.”

“அவர் மூணு தரம் தட்டுறேன்னு சொல்லவே இல்ல?”

“இல்ல.”

“கடைசியா என்னதான் சொன்னாரு?”

வாய்க்குள் பத்து வாக்கியம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் அவளைப் பற்றி. ஒவ்வொன்றும் கல்லையும் கரைக்கும். எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“ஒண்ணும் சொல்லல. வாயில குழாய் இருந்துச்சு. என்னைப் பார்த்தான். அப்புறம் ஃபேனைப் பார்த்தான். அவ்வளவுதான்.”

அப்போதுதான் அழுதாள். நம்பிவிட்டாள் என்று அதிலிருந்துதான் தெரிந்தது. அந்த அழுகை குழியில் விழுந்து, ரெயிலில் ஏறி, ஐந்து மாடிக்கும் போயிற்று. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் கீழே நின்றபடி அவள் வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. பெருக்க வேண்டுமானால் முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

நான் வெளியே ஏறி வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தட்டு” என்றாள்.

“என்னது?”

“வெளிய வந்துட்டேல்ல? தட்டாம ஓட்டக் கூடாதுன்னு அவர் சொல்லுவாரு.”

கதவோரமாகக் கையை நீட்டி ரெயிலில் மூன்று தரம் தட்டினேன். இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். தட்டியது யார் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் பார்த்தோம். மேலே மோட்டார் உறுமவில்லை. நான்தான் ஸ்டாப் சுவிட்சை விடுவித்தேன், கதவைச் சாத்தினேன், பொத்தானை அமுக்கினேன். லிஃப்ட் வந்தது. தங்கை மகள், கையில் மாத்திரை டப்பாவோடு உள்ளே நின்றாள்.

தங்கை டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“தண்ணி கொண்டா. இன்னைக்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கிறேன்.”

“நாளைக்கு?”

அவள் மகளிடமிருந்து டப்பாவை வாங்கி ஒரே ஒரு மாத்திரையை எடுத்தாள். நான் இரண்டாவது தரம் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். ஒரு டம்ளர்தான் கொண்டுவந்தேன்.