துண்டுக்கடியில் எண்கள்

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், இராஜபாளையம் மில் காப்பகத்தில் அந்த மாத நிலவரம் ஒரு யானைக் கதை. கதையில் யானை கட்டாயம் குளிக்க வேண்டும். குளிக்காத யானைக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். குளித்த யானை காதையும் துடைத்துக்கொண்டு கரையேறினால் பிள்ளை சப்பணம் போட்டு உட்காரும். அதற்கு மேல் எந்தச் சந்தையிலும் கேட்க முடியாது.

இந்த விலையைக் கட்டியவள் முனீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மழலையர் கல்விப் பட்டயம், இரண்டாம் ஆண்டு. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் வகுப்பு. மற்ற நாட்களில் உள்ளூரிலேயே பயிற்சி. நூற்பாலைப் பெண்கள் ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகம் அது. அங்கே டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. செய்முறைத் தேர்வில் தேறிவிட்டால் ஜூன் மாதம் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நாற்காலி என்று அவர் சொன்னது ஒரு பேச்சுக்கு, இருந்தது பாய்தான். அந்தப் பாயின் மேல் முனீஸ்வரிக்கு அப்படியொரு ஆசை.

தேறாவிட்டால் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய அப்பாவின் கிட்டங்கி.

அப்பா பாண்டிச்செல்வம் பஞ்சுத் தரகர். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று விலையை முடித்து வைப்பவர். அந்த வீட்டில் பேரம் பேசாமல் எதுவும் தட்டுக்கு வந்ததில்லை. அம்மா ஆறு இட்லி என்பாள், அப்பா நாலு என்பார், ஐந்தில் முடியும். அம்மா எடுத்து வைத்திருந்ததே ஐந்துதான் என்பது வேறு விஷயம்.

“ஏட்டி, சின்னப் பிள்ளையளோட வெளையாடுறதுக்கு ரெண்டு வருசப் படிப்பா?” என்று கேட்டார் அவர், முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்த அன்றைக்கு.

“வெளையாடுறதுக்கு இல்லப்பா. வெளையாட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கதுக்கு.”

“என்ன இருக்கு?”

“மூணாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர் முழுக்க இருக்கு.”

“சரி. தேறிட்டா ஓன் இஷ்டம். தேறலன்னா பேசாம கிட்டங்கியில வந்து உக்காரணும். பேச்சு பேச்சுதான்.”

“பேச்சு பேச்சுதான்” என்றாள் முனீஸ்வரி. அந்த வீட்டில் பத்திரம் எழுதுவதற்கு அது சமம்.

கல்லூரியில் ‘பிள்ளைகளை நடத்தும் முறை’ என்ற பாடத்தை எடுத்தவர் வெள்ளத்தாய் மேடம். வகுப்புக்குள் வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயமே இதுதான்: “பிள்ளைககிட்ட பேரம் பேசாதீங்க. இதைச் செஞ்சா அதைத் தாரேன்னு இன்னைக்கு நீங்க சொன்னா, நாளைக்கு அது உங்ககிட்ட ரேட் கேக்கும்.” முனீஸ்வரி அதை அப்படியே எழுதி வைத்தாள். தேர்விலும் ஒரு பக்கத்துக்கு விளக்கி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். மறுநாள் காலை காப்பகத்துக்குப் போய் யானைக் கதைக்கு விலை கட்டினாள். எழுதிய கை வேறு, வளர்ந்த வாய் வேறு.

செய்முறைத் தேர்வுக்கு அவளுக்கு வந்த தலைப்பு ‘ஒன்று முதல் ஐந்து வரை’. கையில் கிடைக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளுக்கு எண்ணைப் புரியவைக்க வேண்டும். கூடப் படிக்கிற காளீஸ்வரி பாட்டில் மூடிகளுக்கு வர்ணம் அடித்தாள். இன்னொருத்தி ஐஸ் குச்சியில் வாத்து செய்தாள். அது வாத்துதான் என்று கீழே எழுதியும் வைத்தாள். முனீஸ்வரி ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக் கொடியிலிருந்து அப்பாவின் துண்டு ஒன்றை உருவிக்கொண்டு போனாள்.

பஞ்சு மூட்டையைச் சுற்றி நாலு வியாபாரிகள் நிற்கும்போது, ஒருவருக்குச் சொல்கிற விலை மற்றவர் காதில் விழக் கூடாது. அதனால் தரகரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் எண். வாய் மழையைப் பற்றியும் முட்டுவலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். விரல் விலை பேசும். முடிந்தால் துண்டை உருவிவிட்டு உள்ளங்கையில் ஒரு தட்டு. எண் மட்டும் வாயில் வரவே கூடாது. வந்தால் அவன் தரகனே இல்லை.

பிள்ளைகளுக்கு இது பிடித்த மாதிரி வேறு எதுவும் பிடித்ததில்லை. ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. துண்டுக்குள் கையை விட்டு மூன்று விரலைப் பிடித்தால் மூன்று கொட்டை. மிஸ் இரண்டு விரலைத் திருப்பிப் பிடித்தால் இரண்டுதான் தருவேன் என்று அர்த்தம். இருட்டுக்குள் தடவித் தடவி எண்ணுவதில் பிள்ளைகளுக்கு எண் விரலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. கௌதம்ராஜ் என்றொரு வாயாடி, நாலரை வயது, தோற்றால் துண்டோடு ஓடிவிடுவான். எல்லோரையும் மிஞ்சியது கார்த்திகா. ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள். காப்பகத்தில் சேர்ந்து ஆறு மாதமாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் ரேடியோ மாதிரிப் பேசுவாளாம். இங்கே வாசற்படியில் செருப்போடு வாயையும் கழற்றி வைத்துவிடுவாள். துண்டுக்குள் மட்டும் அவள் விரல் இரக்கமே இல்லாமல் ஐந்தைப் பிடிக்கும்.

முனீஸ்வரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. காளீஸ்வரியின் மூடிகளை நினைத்துப் பரிதாபப்பட்டாள்.

தேர்வன்று மதுரையிலிருந்து வந்த பரீட்சகர் பெயர் பாலம்மாள். ஒல்லியான ஆள், பெரிய கைப்பை, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற முகம். பாட்டு முதலில். முனீஸ்வரி பாடினாள், பிள்ளைகள் சுருதியோடும் அவள் சுருதியில்லாமலும் முடித்தார்கள். பிறகு பாலம்மாள் பாயில் இடம் காட்டி, “இங்கிட்டு வந்து உக்காருப்பா கண்ணு” என்று கௌதம்ராஜை அழைத்தார்.

அவன் இடுப்பில் கை வைத்தான். “உக்காந்தா என்ன கதை?”

“கதையா?”

“யானை குளிக்குமா?”

பாலம்மாள் முனீஸ்வரியைப் பார்த்தார். முனீஸ்வரி மின்விசிறியைப் பார்த்தாள். பேனா எழுதியது. எதிரே இருப்பவர் எழுதும் தொகையைத் தலைகீழாகப் படிக்கத் தரகர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளை நடத்தும் விதம்: இருபதுக்கு நான்கு. பாட்டு: ஐந்து. பாட்டுக்கு முன்னாலேயே போட்டிருந்த பாடத்திட்டம் பதினான்கு, கற்பிக்கும் கருவி பதிமூன்று. முப்பத்தாறு ஆகிவிட்டது. தேற ஐம்பது வேண்டும். மிச்சம் இருந்தது எண் மட்டும்தான், அதற்கு இருபது. ஒவ்வோர் எண்ணையும் பிள்ளைகள் வாய்விட்டுச் சொன்னால் நாலு நாலாகப் போடலாம் என்று கட்டத்துக்கு மேல் அச்சடித்திருந்தது.

எண்ணில்தானே நாம் புலி என்று முனீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாலம்மாள் உள்ளங்கையில் நாலு புளியங்கொட்டையை வைத்து நீட்டினார். “இது எத்தனை?”

ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். ஒருவன் பக்கத்தில் இருந்தவன் வாயையும் சேர்த்துப் பொத்தினான்.

“தெரியலையா?”

இன்னும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முனீஸ்வரி முன்னால் குனிந்தாள். “சொல்லு கௌதம், ஒனக்குத்தான் தெரியும்ல. மேடத்துக்குச் சொல்லு.”

கௌதம்ராஜ் அவளை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “சொல்லக் கூடாதுல்ல மிஸ்? பக்கத்துல ஆளு கேட்டுரும்ல?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் பிள்ளைகளுக்கு எண்ணைக் கற்றுக்கொடுத்தாள். அதை மறைக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒரு பாடத்தில் இரண்டு பாடம். இரண்டாவதைப் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் படித்திருந்தன.

சமாளிக்கப் பத்து பொய் வாய்க்கு வந்தது. ஒன்றும் விலை போகாது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“மேடம், தப்பு பிள்ளைக மேல இல்ல. வாயால சொல்லக் கூடாதுன்னு நாந்தான் பழக்குனேன். செத்த நேரம் உங்க கையக் குடுங்க.”

துண்டு வந்தது. விரலைப் பிடிக்கிற முறையை முனீஸ்வரி இரண்டு வரியில் சொன்னாள். கார்த்திகா யாரும் சொல்லாமலே எழுந்து வந்து பரீட்சகர் முன்னால் உட்கார்ந்தாள். பாலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் இறங்கினார். துண்டுக்கடியில் சின்ன விரல்கள் அவருடைய நாலு விரலைச் சரியாகப் பிடித்தன. அவர் புருவம் ஏறியது. சரி, சும்மா ஒரு சோதனைக்கு என்று அவர் பதிலுக்கு இரண்டு விரலைப் பிடித்திருக்க வேண்டும். கார்த்திகா தலையை ஆட்டி மறுத்தாள். துண்டு இரண்டு முறை குதித்தது. கடைசியில் கார்த்திகா துண்டை உருவிவிட்டு, பரீட்சகரின் உள்ளங்கையில் பளீரென்று ஒரு தட்டுத் தட்டி, கிண்ணத்திலிருந்து நாலு கொட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாலம்மாள் கையைத் தடவிக்கொண்டார். “நான் ரெண்டுதாம்மா குடுக்குறதா இருந்தேன்.”

“அவகிட்ட யாரும் ரெண்டுல முடிச்சதில்ல மேடம்.”

“எண்ணு தெரியுது. நல்லாவே தெரியுது” என்றார் அவர். “ஆனா இந்தக் கட்டத்துல வாய்விட்டுச் சொல்லணும்னு போட்டிருக்கு. விரலுக்கு நான் மார்க் போட முடியாது. இன்னும் பத்து நிமிசம் இருக்கு. பாரு.”

முனீஸ்வரியின் நாக்கு நுனிவரை யானை வந்துவிட்டது. சொல்லுங்கடா, குளிக்கிற யானை தாரேன், காது துடைக்கிற யானை தாரேன்! விழுங்கினாள். வெள்ளத்தாய் மேடத்தின் வகுப்பு அன்றைக்குத்தான் தொண்டைக்குக் கீழே இறங்கியது. விலை கொடுத்து வாங்கக் கூடாது. அவர்களாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றும்படி ஒரு விளையாட்டு வேண்டும்.

பேரம் முடிந்தபின் கிட்டங்கியில் என்ன நடக்கும்? மூட்டை ஏறும்.

“பேரம் முடிஞ்சிருச்சு!” என்று கையைத் தட்டினாள். “இனிமே ரகசியம் கெடையாது. மூட்டை ஏத்தப் போறோம். மூட்டையப் போடும்போது எத்தனாவதுன்னு ரோடு வரைக்கும் கேக்குற மாதிரி கத்தணும். கத்தலன்னா மூட்ட கணக்குல சேராது!”

பிள்ளைகள் தூங்கும் தலையணைகள் மூலையில் கிடந்தன. எப்படி என்று காட்ட, முனீஸ்வரியே ஒன்றைத் தலையில் தூக்கி வைத்து நடந்து வந்து, பாயில் தொப்பென்று போட்டுக் கத்தினாள். கிட்டங்கியில் வளர்ந்த வாய், அது கத்திப் பழகியதைத்தான் கத்தியது.

“லாபம்!”

வியாபாரத்தில் முதல் எண்ணிக்கையை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்கும். அடுத்தது ரெண்டு, மூணு. கத்திய பிறகுதான் முனீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் தலையணைகள் வரிசை கட்டிவிட்டன. “ரெண்டு!” என்று கௌதம்ராஜ் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “மூணு!” “நாலு!” “அஞ்சு!” மூட்டை சரிந்து விழுந்தது, மறுபடி அடுக்கினார்கள்.

இரண்டாவது சுற்றில் முதல் ஆளாக வந்தது கார்த்திகா. தலையணை அவள் உயரத்தில் பாதி இருந்தது. பாயில் போட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கணக்கில் சேராமல் போய்விடுமோ என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

“லாபம்” என்றாள் கார்த்திகா.

முனீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் கத்திக்கொண்டே போனது அவள் காதில் ஏறவில்லை.

எல்லாம் ஓய்ந்தபின் பாலம்மாள் பேனாவைத் திறந்தார். “ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, எல்லாம் கேட்டேன். ஒண்ணு எங்கம்மா?”

“மேடம், எங்க தொழில்ல மொத எண்ணிக்கைக்கு...”

“லாபம். தெரியும். எங்க தெருவுல நெல்லு அளக்கையில கேட்டிருக்கேன். ஆனா சிலபஸ்ல இல்லயே.” நாலு மதிப்பெண்ணைக் கழித்து, பதினாறு என்று எழுதினார்.

“மேடம், அந்தப் பிள்ள இங்க மொத மொதலாப் பேசுனதே இப்பத்தான். ஆறு மாசத்துல இதான் மொத வார்த்தை.”

பாலம்மாள் பேனாவை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த கார்த்திகாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிவத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். “அதுக்கு இதுல கட்டமே இல்லம்மா” என்றார். மனசில்லாமல்தான் சொன்னார். “அம்பத்திரெண்டு. சரிதானா?”

நியாயமாக இந்த இடத்தில் பாண்டிச்செல்வத்தின் மகள் அறுபதுக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஐம்பத்தைந்தாவது நின்றிருக்கும். முனீஸ்வரி அந்தத் துண்டை மடித்து ஒரு பக்கமாக வைத்தாள். “சரி மேடம்” என்றாள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். “என்னாச்சுட்டி?”

“அம்பத்திரெண்டு. தேறிட்டேன்.”

“அம்பது போதும்ல? ரெண்டு மேலயே முடிச்சிருக்க. அந்தம்மா மொதல்ல எம்புட்டு சொன்னாவ?”

“அம்பத்திரெண்டுதான்.”

“நீ எம்புட்டு கேட்ட?”

“கேக்கல.”

“சொன்ன வெலைக்கா முடிச்ச?”

“ஆமாப்பா.”

“நீ கிட்டங்கிக்கு லாயக்கில்லட்டி.”

“அதத்தான ரெண்டு வருசமாச் சொல்லுதேன்.”

ஆக, பாடத்திட்டம் பதினான்கு, கருவி பதிமூன்று, பாட்டு ஐந்து, பிள்ளைகளை நடத்தும் விதம் நான்கு, எண் பதினாறு. மொத்தம் ஐம்பத்திரண்டு. தேர்ச்சிக்கு ஐம்பது போக மிச்சம் இரண்டு. கார்த்திகாவின் முதல் வார்த்தை எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. ஜூன் மாதம் பாயில் வந்து உட்காரும் டீச்சர் அவளுக்குக் கற்றுத்தர வேண்டிய பாக்கி: ‘ஒன்று’ என்கிற ஒரு சொல்.