கெட்டிலுக்கு ஒரு பிளக்

வேன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தம்பி மூன்று முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டான். கீபோர்டு இருந்தது. அதன் ஸ்டாண்டு இருந்தது. டிரம் பெட்டிகளுக்கு நடுவே வயர்ப் பையும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"மாப்ள, அதுங்களுக்குக் கால் முளைச்சு இறங்கி ஓடிடாது. நேரா உக்காரு" என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாமா. அக்காவின் கணவர். வார நாட்களில் லிஃப்ட் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் மைத்துனனுக்கு 'செக்கிங்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"அவனை ஏன் சீண்டுறீங்க? போன தடவை குச்சியை மறந்துட்டு வந்து கரண்டியால வாசிச்சது யாரு?" என்றாள் அக்கா.

"கரண்டியில நல்லா இருந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"பாவமேன்னு சொன்னேன்."

தம்பி சிரித்தான். அக்கா இப்படி வாயாடுவதைக் கேட்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தபோது, இரண்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கையைத் தட்டித்தான் கூப்பிடுவாள். "என் வாழ்க்கையிலேயே நிம்மதியான ரெண்டு மாசம்" என்று மாமா எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் டிரம்மின் மேல் போட்ட துணியை எடுக்கவே இல்லை.

ஆறியதும் பாடலாம் என்றார் டாக்டர். எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கிக்கொண்டார்கள். அதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு அழுத்துக்கு அரைக் கட்டை; இரண்டு முறை அழுத்தினால் திரையில் மைனஸ் இரண்டு என்று வரும். வாசிக்கும் விரல் மாறாது, சுருதி மட்டும் இறங்கிவிடும். இறக்கியும்கூட, அக்கா தானே எழுதிய அந்தக் கடைசிப் பாட்டின் உச்சியை வீட்டில் ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை.

"இன்னிக்குப் பாடுறேன். இறக்கியும் அது வரலைன்னா மைக்கைக் கீழ வச்சிடுவேன். அப்புறம் யாரும் சமாதானம் சொல்லக் கூடாது" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

மாமா கியரை மாற்றினார்.

கச்சேரிக்கு மண்டபத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஆறு பேர். ஒரு வயதான தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு பெண், வேலை முடிந்து சீருடையோடு வந்த பஸ் ஓட்டுநர்கள் மூன்று பேர். மண்டபப் பொறுப்பாளர் ஏதோ அவரே தப்பு செய்துவிட்டதுபோல் கையைப் பிசைந்தார்.

"எல்லாரும் மேட்ச் பாக்கப் போயிட்டாங்க. மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லைங்க. நாற்காலி எல்லாம் சத்தம் போடாமக் கேக்கும்" என்றார் மாமா.

தம்பி பொத்தானை அழுத்தினான். மைனஸ் இரண்டு. மறுபடி பார்த்தான். மைனஸ் இரண்டுதான்.

ஆறு பேரும் முன் வரிசைக்கு வந்துவிட்டார்கள். ஐந்தாவது பாட்டில் குழந்தை தூங்கிப்போனது; அதன் அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாக அக்காவைப் பார்த்தாள். கடைசிப் பாட்டுக்கு முன் ஐந்து நிமிட இடைவெளி விட்டார்கள். இருப்பதே ஆறு பேர், எல்லாருக்கும் டீ போட்டால் என்ன என்று பொறுப்பாளருக்குத் தோன்றிவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் கைக்கு வந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு கெட்டிலைச் சொருகினார்.

"ஐயா, அது என்னோடது!" என்று தம்பி ஓடினான். தண்ணீர் கொதித்ததும் பிளக்கைத் திரும்பச் சொருகினான். கீபோர்டின் விளக்கு எரிந்தது. அப்போது பார்த்து யாரோ அவன் கையில் டீயைத் திணித்தார்கள். அதை எங்கே வைப்பது என்று அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே மாமா குச்சிகளைத் தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

முதல் சரணம் முடியும்போதுதான் திரையைப் பார்த்தான். பூஜ்யம்.

மின்சாரம் போய் வந்தால் இந்தக் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். அக்கா பழைய சுருதியில் பாடிக்கொண்டிருக்கிறாள், ஆபரேஷனுக்கு முந்தைய சுருதியில். இப்போது அழுத்தினால் பாட்டு நடுவழியில் தடுக்கி விழும். அழுத்தாவிட்டால் உச்சியில் அவள் குரல் உடையும். மாமாவைப் பார்த்தான். தாளத்தைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாத மனிதர், கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உச்சி நெருங்கியது. தம்பியால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கீபோர்டின் சத்தத்தைக் குறைத்து அவளுக்கு வழிவிட்டான். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் ஏறியது. ஓரத்தில் லேசாகக் கரகரத்தது. ஆனால் உடையாமல் அங்கேயே நின்றது. டீ டம்ளரை வாய்வரை கொண்டுபோன ஓட்டுநர் ஒருவர் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆறு பேரும் பொறுப்பாளரும் கைதட்டினார்கள். குழந்தையின் அம்மா மட்டும் தொடையில் தட்டினாள்.

அக்கா மைக்கை அணைத்துவிட்டு அவன் பக்கம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இறக்கியுமே இவ்ளோ கஷ்டமா இருக்குடா. அவ்ளோதான் போல. போதும்."

"அக்கா..."

"சமாதானம் சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"சமாதானம் இல்லக்கா. நான் இறக்கவே இல்லை." திரையைக் காட்டினான். "இவரு பிளக்கைப் புடுங்கினாரு. நான் மறந்துட்டேன்."

அக்கா திரையையே பார்த்தாள். பிறகு மைக் வயரைச் சுருட்டி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "எரும! எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்ப, இதைப் பாக்க மாட்டியா?" அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா என்னவென்று புரியாமலே எழுந்துவந்து இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டிலால ஏதாவது பிரச்சனையா?" என்றார் பொறுப்பாளர் பயந்துபோய்.

"இல்லைங்க," அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள், "உங்களுக்குக் கோயிலே கட்டலாம். இன்னொரு டீ கிடைக்குமா?"

மண்டபம் நிறைந்திருந்தால் இந்த மனிதருக்கு டீ போடத் தோன்றியிருக்குமா என்று தம்பி நினைத்தான். காலி நாற்காலிகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லலாம் போலிருந்தது.

முன் வரிசையில் இருந்த பாட்டி, "அதே பாட்டை இன்னொரு தடவை பாடும்மா" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு அக்கா மைக்கை எடுத்தாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய் செக்கிங், கை வைக்காதே. அப்படியே இருக்கட்டும்."

அவன் திரையைப் பார்த்தான். பூஜ்யம். இன்னொரு முறை பார்த்தான். பூஜ்யம்தான்.