முப்பத்தெட்டுக் கிலோமீட்டர்

கலைவாணனுக்குப் பொன்னாடை போர்த்தியது டிசம்பர் இருபத்தோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, காரைக்கால் கடற்கரையில். ஒரே வருடத்தில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்ததற்காக. அங்கே காலையில் ஓடுகிற பதினோரு பேருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஆயிரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். உடம்பெல்லாம் வியர்வை, தோளில் சரிகைத் துண்டு, முகத்தில் அசட்டுச் சிரிப்பு என்று எடுத்த படத்தை அவர் மனைவி தாமரைச்செல்வி தன் அக்கா தங்கைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

ஆயிரம் என்று சொன்னது கலைவாணனே எழுதிய கணினி நிரல். பகலில் அவர் அரசு அலுவலக எழுத்தர். மாலையில் தருமபுரத்து வீட்டின் முன்னறையில், பழைய மடிக்கணினியில் லினக்ஸோடு உட்கார்ந்துவிடுவார். விண்டோஸ் ஓட முடியாமல் மூச்சு வாங்கிய கணினி அது. லினக்ஸ் போட்ட பிறகு ஒன்பது வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதில் எழுதிய நிரலுக்குத் ‘தடம்’ என்று பெயர் வைத்திருந்தார். ஓடும்போது கையில் கட்டிய கைப்பேசி, இருக்கும் இடத்தை விநாடிக்கு ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டே வரும். புள்ளிகளைக் கோத்துத் தூரம் சொல்வது தடத்தின் வேலை. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார். உலகத்தில் நாற்பது பேராவது அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் அவருக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை.

திங்கட்கிழமை மாலை அந்த நாற்பது பேரில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பின்லாந்திலிருந்து எலினா என்கிற பெண். தடத்துக்கு முதலில் நன்றி சொல்லியிருந்தார். பிறகு, ‘பேருந்து நிறுத்தத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். அந்த நேரத்தில் முந்நூறு மீட்டர் ஓடியதாக உங்கள் நிரல் சொல்கிறது’ என்று எழுதி, எட்டு வரியில் ஒரு திருத்தமும் அனுப்பியிருந்தார்.

கலைவாணனுக்குப் படித்ததுமே புரிந்துவிட்டது. ஆள் அசையாமல் நின்றாலும் புள்ளி அசையும். இந்தப் பக்கம் ரெண்டு மீட்டர், அந்தப் பக்கம் மூன்று மீட்டர் என்று தள்ளாடும். தள்ளாட்டத்தையும் ஓட்டமாகத் தடம் கூட்டியிருக்கிறது. அவரோ தினமும் ஓட்டத்தின் நடுவே டீக்கடையில் நிற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் வாங்கவும் நிற்பார். கைப்பேசியை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

திருத்தத்தைத் தன் கணினியில் மட்டும் போட்டு, வருடத்தின் எல்லா ஓட்டங்களையும் மறுபடி கூட்டச் சொன்னார். திரையில் வந்தது 961.7.

“செல்வி, இங்க வாயேன்.”

தாமரைச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“அப்ப டீக்கடையில நின்னே முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கீங்க.”

“மீன் வாங்கினதும் சேத்துதான்.”

“நல்லவேளை, நான் பேரம் பேசி வாங்கச் சொன்னேன். இல்லாட்டி முப்பத்தஞ்சுதான் வந்திருக்கும்.” சிரித்துவிட்டு, “சால்வையெல்லாம் போட்டுட்டாங்களே, இப்ப என்ன செய்யப்போறீங்க?” என்றார்.

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. குழுவில் அத்தனை பேருடைய தூரத்தையும் கூட்டிப் போடுவதே அவர்தான். மருதையனுடையதையும் கூட்டிப் பார்த்தார். மண்டபத்தூரில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கிற மருதையன் ஓட ஆரம்பித்தால் எங்கும் நிற்கமாட்டார். 988 என்று இருந்தது 986 ஆகியிருந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் வருடம் முழுக்க முன்னால் ஓடியது மருதையன்.

ஒரு வழி இருந்தது. வருகிற ஜனவரி ஒன்றாம் தேதி முதலான ஓட்டங்களுக்கு மட்டும் திருத்தம் செல்லும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். எலினாவுக்கு வேண்டியது கிடைத்துவிடும், ஆயிரமும் அப்படியே இருக்கும். கலைவாணன் அந்த வரியை எழுதியும்விட்டார்.

ஆனால் நிரலில் ஒரு மாற்றம் செய்தால், ஏன் செய்தோம் என்று கூடவே ஒரு குறிப்பு எழுதவேண்டும். அதை வெறுமையாக விட்டவர் இல்லை கலைவாணன். கோப்பில் குறிப்பு எழுதியே பதினெட்டு வருடம் ஓட்டியவர். ‘பழைய பதிவுகளைப் பாதுகாக்க’ என்று தட்டினார். எதிலிருந்து பாதுகாக்க? அழித்தார். ‘பயனர்களின் வசதிக்காக’ என்று தட்டினார். எந்தப் பயனர்? அதையும் அழித்தார். உண்மைக் காரணத்தை எழுதினால் பின்லாந்து வரை படிப்பார்கள். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தான் சேர்த்த வரியை எடுத்தார். எலினாவின் எட்டு வரியை அப்படியே ஏற்றுக்கொண்டு, ‘நிற்பதை ஓட்டமாகக் கூட்டிய பிழை. என்னுடைய 38.3 கி.மீ. இதில் அடக்கம்’ என்று குறிப்பு எழுதினார். குழுவிலும் அதையே விவரமாக எழுதிப் போட்டார்.

ஐந்து நிமிடத்தில் மருதையன் கூப்பிட்டார்.

“சார், அப்ப இத்தன நாளா நான்தான் முன்னாடி போய்க்கிட்டிருந்தனா?”

“ஆமாங்க மருதையன்.”

“ஒங்களப் புடிக்கணும்னு மூச்சு முட்ட ஓடுனேனே சார்! ஆடியில மொழங்காலு வீங்கிக் கெடந்தேனே!”

“மன்னிச்சுக்குங்க.”

“மன்னிக்கிறதாவது. எம் பொண்டாட்டிய போன்ல தரேன், அவகிட்ட நீங்களே இத ஒருவாட்டி சொல்லுங்க. ‘எப்ப பாத்தாலும் ரெண்டாவதுதான்’னு என்னை ஏசிக்கிட்டே கெடப்பா.” பிறகு குரலை இறக்கி, “ஒங்களுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு சார். விட்றாதீங்க” என்றார்.

ஒன்பதில் இரண்டு நாளை மழை கொண்டுபோனது. அரசலாற்று ஓரமெல்லாம் சேறு. வியாழக்கிழமை வெயில் வந்ததும் கலைவாணன் கிளம்பினார். அன்றைக்கு ஆறு கிலோமீட்டர், மறுநாள் ஐந்து. சனிக்கிழமை கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது, வீட்டிலேயே இருந்தார். ஞாயிறன்று மருதையன் ஆயிரத்தைத் தொட்டார். கலைவாணனே கடைத்தெருவில் பார்த்து வாங்கிய நீலச் சால்வையைப் போர்த்தினார். மனதில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லாதது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு அவர் ஓடியது ஆறு. திங்களும் செவ்வாயும் ஐந்தைந்து. முப்பதாம் தேதி மாலை தடம் 988.7 என்றது.

“நாளைக்கு மீதி பதினொண்ணே கால்” என்றார் மனைவியிடம்.

“வருசத்துல ஒருநாள்கூட பத்துக்கு மேல ஓடினதில்ல நீங்க.”

“டீக்கடைய சேத்தா ஓடியிருக்கேன்.”

“பஸ்ஸுக்குக் காசு எடுத்துக்கிட்டுப் போங்க.”

முப்பத்தொன்றாம் தேதி லீவு எழுதிக் கொடுத்திருந்தார். விடிகிற நேரத்தில் மருதையன் சைக்கிளில் வந்து, அதைக் கடற்கரையில் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, “எங்க ஊருக்கே ஓடிருவோம் சார், தூரம் சரியா இருக்கும்” என்றார். கிளிஞ்சல்மேடு தாண்டியபோது கலைவாணனுக்கு மூச்சு சீராகிவிட்டது. காளிக்குப்பத்தில் கால் கனத்தது. மருதையன் இன்ஜின் கதைகளாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார், வேகத்தைக் கூட்டவே இல்லை. மண்டபத்தூரில் அவர் வீட்டு வாசலைத் தொட்டதும் கலைவாணன் கைப்பேசியில் தடத்தைத் திறந்து பார்த்தார்.

“எவ்வளவு சார்?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒம்பது புள்ளி நாலு.”

“அட, ஊரு கிட்டக்க வந்துருச்சா?” என்று சிரித்தார் மருதையன். வாசலில் நின்ற அவர் மனைவி செல்லம், “உள்ள வந்து தண்ணியாவது குடிங்க சார்” என்று சொல்வதற்குள் இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டார்கள்.

கரையேற்றிய படகுகளுக்கும் ஐஸ் கொட்டகைக்கும் நடுவே சிமெண்டுப் பாதை. அதில் போவதும் திரும்புவதுமாக ஓடினார்கள். பாதை ஓரத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மூன்று தடவை பொறுத்துப் பார்த்தார்.

“ஏ மருதையா, என்னத்தத் தொலைச்சீங்க ரெண்டு பேரும்?”

“சாரு அறுநூறு மீட்டரத் தொலைச்சிட்டாரு அத்தை. தேடுறோம்.”

“தேடுங்க, தேடுங்க. கருவாட்ட மிதிக்காம தேடுங்க.”

நான்காவது தடவை திரும்பியபோது கலைவாணன் கைப்பேசியைப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேல் அறுபது மீட்டர் கூடுதலாகவே காட்டியது. அவர் பாதையிலேயே நின்று முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“கெடைச்சுதா சார்?” என்றார் அந்த அம்மாள்.

“கெடைச்சிருச்சுங்க” என்றார் கலைவாணன்.