முந்நூறு கிராம் சாப்பாடு

என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஆபீஸ் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறார், தொந்தியைத் தவிர. மதியச் சாப்பாட்டு டப்பா முந்நூறு கிராமைத் தாண்டிவிட்டால், "மேட்டுல மிதிக்கிறது நீயா, நானா?" என்று கேட்பார். நான் வெள்ளரித் துண்டு இரண்டை எடுத்துவிடுவேன்.

தினமும் விடியுமுன் எழுந்து கேரட் துருவி, முளைகட்டிய பயறை ஆவியில் வைத்து, பள்ளம் மேட்டில் குலுங்கிக் கூழாகாதபடி அமுக்கி அடைத்துக் கொடுப்பேன். மாலையில் டப்பா வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வரும். என் தங்கையிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். மூன்று மாதமாகியும் பெல்ட்டில் ஓர் ஓட்டைகூடக் குறையவில்லை. கேட்டால், "கொழுப்பெல்லாம் தசையா மாறிக்கிட்டு இருக்கு" என்பார்.

நேற்று டப்பாவை மறந்துவிட்டுப் போனார். ஆபீசுக்கே கொண்டுபோனேன். வாசலில் இருந்த வாட்ச்மேன் டப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, யாருக்கு என்றுகூடக் கேட்காமல் வாங்கி மூடியைத் திறந்தார்.

"இன்னைக்கு இல்லபோலன்னு நெனச்சேம்மா."

"சார் எங்க?"

"எதிர் பேக்கரியில. பன்னு சூடா வர்ற நேரம்." கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பயறுல உப்பு கம்மி. அளவும் பத்தமாட்டேங்குது."

இன்று காலை தராசு அறுநூறு காட்டியது. வீட்டுக்காரர் முறைத்தார். "என்னடி இது, இவ்வளவு கனம்?"

"வாட்ச்மேனுக்கு முந்நூறு பத்தலையாம். மிதிங்க."