ஆளில்லாத வீடு

வீட்டுக்காரர் மவுத்தான அன்றே நூர்பானு இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டாள். புருசனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. அந்நிய ஆம்பளைக்கு முகம் மட்டுமில்லை, குரலும் காட்டக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். அந்த நேரம் பார்த்தா நகராட்சிக்காரர்கள் கணக்கெடுக்க வரவேண்டும்? ஓடைக்கரை வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் மாற்று வீடாம்.

மகள் சனா ராஜபாளையம் மில்லுக்கு பஸ் ஏறியிருந்தாள். வந்தவர்கள் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்கள். நூர்பானு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆளில்லாத வீடு. எழுதிக்கோய்யா."

இத்தா முடிந்து அவள் முதன்முதலாகப் படியிறங்கியது நகராட்சி ஆபீசுக்குத்தான். அன்று கதவுக்கு வெளியே கேட்ட அதே குரல்காரர் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"உள்ளதான் இருந்தேன் சார். நீங்க எழுதச் சொன்னதுகூட எனக்குக் கேட்டுச்சு."

"இருந்தா கதவத் தொறக்க வேண்டியதுதானம்மா?"

எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பாள்? வாயெடுப்பதற்குள் அவரே முடித்துவிட்டார்.

"லிஸ்ட் மேல போயிருச்சும்மா, இனி ஒண்ணும் செய்ய முடியாது. வீட்டு ஆம்பளையவாவது வெளிய வந்து பேசச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவிய போனதுக்குத்தான் சார் நான் உள்ள இருந்தேன்."